பதினோரு மணிப் பசி

மயிலாப்பூரில் நாளின் முதல் சாப்பாட்டைப் பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. முந்தின நாள் இரவு ஏழு மணிக்குக் கடைசி வாய் முடிந்திருக்கும். நடுவில் வெந்நீர், சர்க்கரை போடாத பிளாக் காபி. பதினோரு மணிக்கு ஆப் சத்தம் போடும். இரண்டு முட்டை, கொஞ்சம் பாதாம், ஒரு கிண்ணம் பழம்.

இரண்டாம் வகை, அந்த முட்டையை வேகவைத்துக் கொடுத்துவிட்டுப் போன அக்கா. கண்ணகி நகரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர். முன்பு இதே மயிலாப்பூர், சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில்தான் குடும்பம் இருந்தது. அங்கிருந்து காலி செய்து கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். வேலை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை யாரும் இலவசமாகத் தரவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு டீ. பிறகு மூன்று வீட்டில் இட்லி, தோசை, பொங்கல், ஒரு வீட்டில் ஓட்ஸ். எல்லாம் முடிந்து, நாலாவது வீட்டுக்கு ஏறும் முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது மணி பதினொன்று.

இரண்டு பேர் வயிறும் காலியாக இருந்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்குப் பெயர் டிசிப்ளின். இன்னொன்றுக்குப் பெயரே கிடையாது. கேட்டால், "டைம் ஆயிடுச்சுப்பா" என்பார், அவ்வளவுதான்.

நல்ல உணவுப் பழக்கம் பற்றி நம்மிடம் பேசப்படுவதெல்லாம் ஒரே தொனியில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே, வெள்ளைச் சோற்றைக் குறை, பொரித்ததை விடு, நேரத்துக்குச் சாப்பிடு. செய்தால் எனர்ஜி வரும், மூட் சரியாகும். இந்த அறிவுரைகளோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை, பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கடைசியில் வரும் அந்த 'மூட்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். மூட் எங்கே முடிகிறது, குணம் எங்கே தொடங்குகிறது? எரிந்து விழுவது மூடா, குணமா? அடுத்தவர் சொல்வதைக் கடைசிவரை கேட்பது? கைதவறிக் கீழே போட்டவரைத் திட்டாமல் விடுவது? இட்லி சாப்பிட்டு வந்தவர் பொறுமைசாலியாகவும், சாப்பிடாமல் வந்தவர் சிடுமூஞ்சியாகவும் இருந்தால் அந்தப் பொறுமைக்காக யாரைப் பாராட்டுவது? அவரையா, இட்லியையா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒருவரை நல்லவர் என்றும் மோசமானவர் என்றும் நாம் சொல்வதற்கு ஆதாரமாக வைத்திருப்பதெல்லாம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன நடத்தைகள்தான். பெரிய தியாகம் செய்யும் சந்தர்ப்பம் யாருக்கும் தினமும் வாய்ப்பதில்லை. கேட்டில் நிற்பவரிடம் எப்படிப் பேசினோம், போனை எப்படி எடுத்தோம், பிள்ளையிடம் குரல் எவ்வளவு உயர்ந்தது. அன்றாட அறம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. இங்கேதான் வயிறும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'பசி வந்தால் பத்தும் பறக்கும்' என்பதை ஓட்டலில் ஆர்டர் லேட் ஆகும்போது சொல்லிச் சொல்லி நாம் ஜோக்காக்கிவிட்டோம். ஔவையின் நல்வழியில் அந்தப் பத்து எவை என்ற பட்டியல் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வராது. மானம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, அறிவு, தானம், தவம் எல்லாம் இருக்கிறது. காசோ பொருளோ அதில் இல்லை. யாராலும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது என்று நாம் நம்பும் விஷயங்கள்தான் முதலில் பறக்கின்றன என்கிறது அந்தப் பட்டியல். ஸ்டோயிக் தத்துவவாதிகள் (இப்போது ரீல்ஸில் அவர்களுக்கு நல்ல மார்க்கெட்) இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சொத்து போகலாம், உடல்நலம் போகலாம், உன் நற்குணத்தை மட்டும் உன் சம்மதம் இல்லாமல் யாரும் எடுக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. நம் ஊர்க் கட்சி வேறு. மணிமேகலை பசியைப் பிணி என்றே அழைக்கிறது. பிணி வந்தவனிடம் 'நீ ஏன் கம்பீரமாக இல்லை' என்று யாரும் கேட்பதில்லை.

இதை எல்லாரையும்விட உன்னிப்பாகக் கவனித்தவர் வள்ளலார் என்று எனக்குத் தோன்றும். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியவர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது நமக்குத் தெரிந்த கதை. அதிகம் படிக்கப்படாதது, அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை. அதில் பசி ஏறும்போது ஒரு மனிதருக்கு என்னென்ன ஆகிறது என்று, ஒரு மருத்துவர் கேஸ் ஷீட் எழுதுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்கிறார். காது அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, கைகால் தளர்கிறது. அதோடு நிறுத்தவில்லை. அறிவின் வெளிச்சம் மங்குகிறது, மனம் தடுமாறுகிறது என்று உள்ளே போகிறார். பிறகு சாப்பாடு உள்ளே போனதும் அத்தனையும் திரும்பி வருவதையும், முகம் மலர்வதையும் அதே நிதானத்தோடு எழுதுகிறார். அவரைப் பொறுத்தவரை ஒருவருக்குச் சோறு போடுவது வயிற்றுக்குச் செய்யும் உதவி மட்டுமில்லை. அந்த ஆளையே அந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுப்பது.

இதையே 77 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். வள்ளலார் பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கிய ஆய்வு அது. போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்வது நோக்கம். அதற்கு 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்கள் யார் என்பதுதான் முக்கியம். மனசாட்சிப்படி ஆயுதம் தூக்க மாட்டோம் என்று போருக்குப் போக மறுத்தவர்கள். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது கொள்கைக்காக மறுபக்கம் நின்றவர்கள். குணம் என்று ஒன்று இருந்தால் அது இவர்களிடம் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் பாதி வயிற்றுச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோஸ் மாதிரி அயிட்டங்கள். உடல் எடையில் கால்வாசி குறைந்தது. அதை எதிர்பார்த்துத்தான் தொடங்கினார்கள். மனதுக்கு நடந்ததுதான் அதிர்ச்சி. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். சிரிப்பு போனது, நண்பர்களிடம் பேச்சு குறைந்தது, உலகத்தை மாற்றும் ஆர்வம் எல்லாம் வடிந்து சாப்பாட்டு நினைப்பு மட்டும் மிஞ்சியது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பக்கத்தில் இருப்பவன் சாப்பிடும் விதமே தாங்க முடியாத எரிச்சலைக் கொடுத்தது. அடுத்த வேளை எப்போது என்று அவர்களுக்குத் தெரியும், இது ஒருநாள் முடியும் என்றும் தெரியும், எதற்காகச் செய்கிறோம் என்றும் தெரியும். அப்படியும் இந்தக் கதி. 1950-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அந்த ஆய்வு வெளிவந்தது.

'அது ஆறு மாதப் பட்டினி, நீ சொல்வது ஒருநாள் டிபன் லேட் ஆன கதை' என்று கேட்கலாம். நியாயம். அளவு வேறு. இதையெல்லாம் ஊதிப் பெரிதாக்கும் ஆசையும் நம்மிடம் உண்டு. 2011-இல் இஸ்ரேலில் பரோல் வழக்குகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நீதிபதிகள் சாப்பிட்டு வந்ததும் அறுபத்தைந்து சதவீதம் பேருக்குச் சாதகமான தீர்ப்பு, இடைவேளை நெருங்க நெருங்க அது பூஜ்ஜியத்தை ஒட்டிப் போனது என்று. உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். பிறகு, வழக்குகள் வரும் வரிசையே தற்செயலானது இல்லை, வக்கீல் இல்லாத கைதிகள் கடைசியில் வருகிறார்கள் என்று வேறு சிலர் காட்டியதும் அந்தக் கதையின் பலம் குறைந்துவிட்டது. அதனால் ஒரு வேளை தவறினால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆரோக்கியமான உடம்பு ஒரு வேளையைத் தாங்கும், கல்லீரல் சேமிப்பில் இருந்து எடுத்துக் கொடுக்கும். ஆனால் தாங்குவது வேறு, தினமும் தாங்கியே வாழ்வது வேறு. தவிர, நம் ஊரில் எல்லா உடம்பும் ஆரோக்கியமான உடம்பு இல்லை.

அடையாறில் நண்பர் ஒருவர் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் போன வருஷம் நடந்தது இது. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். வாட்ச்மேனுக்கு அறுபது வயசு இருக்கும். எல்லாரும் 'அண்ணே' என்போம், குழந்தைகளுக்குத் தாத்தா. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை கேட்டில். அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் கொரியர் பையனிடம் கத்தினார். ஒருத்தர் காரைக் கொண்டுவந்து ஹாரன் அடித்தபோது கேட்டைத் திறக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பேச்சு குழறியது. ஐந்து நிமிஷத்தில் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது: செக்யூரிட்டி டியூட்டியில் குடித்திருக்கிறார், ஏஜென்சிக்குச் சொல்லி ஆளை மாற்ற வேண்டும்.

முதல் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு இறங்கி வந்து அவர் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தார். "சுகர் மாத்திரை போடுவீங்களாண்ணே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து குடிக்கவைத்தார். கால் மணி நேரத்தில் பழைய ஆள் திரும்பி வந்தார். நடந்தது இதுதான்: காலையில் வீட்டிலேயே மாத்திரை போட்டுவிட்டார். முனையில் இருக்கும் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கு மாற்று ஆள் வரவில்லை, கேட்டை விட்டுப் போக முடியவில்லை.

சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளில் சில வகை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே சோறு வரவில்லை என்றால் ரத்தச் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், குழப்பம், குழறல். வெளியே இருந்து பார்த்தால் போதையில் இருப்பவர் மாதிரியேதான் தெரியும். சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், வயதுவந்தவர்களில் 11.4 சதவீதம். அதாவது நூறு பேர் நிற்கும் எந்த பஸ் ஸ்டாண்டிலும், கியூவிலும், செக்யூரிட்டி ஏஜென்சியின் வருகைப் பதிவேட்டிலும் பத்துப் பதினோரு பேர்.

எனக்கு மறக்காமல் இருப்பது சர்க்கரைத் தண்ணீர் இல்லை. தெளிந்ததும் அவர் சொன்னது: "மன்னிச்சுக்கங்க சார், என்னமோ ஆயிடுச்சு." கொரியர் பையனைத் தேடி அவனிடமும் சொன்னார். எதற்கு மன்னிப்பு? நம் அறவியல் பாடப்புத்தகங்கள் எல்லாம் செயலுக்கு ஒரு சொந்தக்காரரைத் தேடும். கத்தியது அவர் வாய்தான். ஆனால் அந்தக் கத்தலின் சொந்தக்காரர் யார்? வராமல்போன மாற்று ஆளா, ஒரே ஆளைப் பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிறுத்தும் கான்ட்ராக்டா, அந்த கான்ட்ராக்டில் குறைந்த ரேட்டுக்குக் கையெழுத்துப் போட்ட அசோசியேஷனா? குரூப்பில் போட்ட செய்தி அன்று மதியம் நீக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு வேறு செய்தி எதுவும் வரவில்லை.

இங்கிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு கொஞ்சம் சங்கடமானது. சாப்பாட்டு நேரம் குணத்தைத் தொடுகிறது என்றால், இன்னொருவருடைய சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கிறவர் அவருடைய குணத்திலும் ஒரு பங்கைத் தீர்மானிக்கிறார். உழைப்பைச் சுரண்டுவது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பொறுமையைச் சுரண்டுவது பற்றிப் பேசியதில்லை. ஒருவரைப் பசியோடு நிற்கவைத்துவிட்டு, 'கஸ்டமரிடம் சிரித்துப் பேசு' என்பது அதுதான்.

தி. நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகை சமயத்தில் போயிருப்பீர்கள். 2010-இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்கு அந்தக் கடைகளின் பின்பக்கம், மெஸ், அவசர அவசரமாக அள்ளிப்போட்டுக்கொள்ளும் சோறு எல்லாம் தெரியும். சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று எழுதிவைத்தது. அதே சட்டத்தில், கடையில் வேலை செய்பவர் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று சேர்க்க 2021 வரை ஆனது. ஒரு ஸ்டூலுக்கு எழுபத்துநாலு வருஷம்! அந்த ஒரு மணி நேரம் ஒரு சேல்ஸ் கேர்ளின் கைக்கு எவ்வளவு நிமிஷமாக வந்து சேர்கிறது என்பதை, புடவை விரித்துக் காட்டும்போது அவர்கள் கண்ணைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். 'இந்தக் கடைப் பொண்ணுங்க மூஞ்சியைக் காட்டுதுங்க' என்று புகார் சொல்வோம். மணி என்ன என்று பார்ப்பதில்லை.

இந்தத் தி. நகரின் பெயரிலேயே ஒரு சாப்பாட்டு வரலாறு இருப்பது பலருக்குத் தெரியாது. பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு மேலும் நாலு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக்கூடாது என்று ஆங்கிலேய அரசு சொன்னதில் 1925-இல் திட்டம் நின்றது. அதே வருஷம் தியாகராயரும் இறந்தார்.

கல்வி நிதி கல்விக்கு மட்டும்தான் என்று வாதாடிய அந்த அதிகாரி கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கல்வி என்பது தலையில் நடப்பது, சோறு வயிற்றில் நடப்பது. இரண்டும் வேறு வேறு கணக்குத் தலைப்பு. தமிழ்நாட்டின் பின்னாளைய வரலாறு அந்தக் கணக்கு எழுதும் முறைக்கு எதிரானது என்றே சொல்லலாம். 1956 காமராஜர், 1982 எம்ஜிஆர், அப்புறம் சத்துணவில் முட்டை. 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது: உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 'அரசாங்கம் ஊட்டியா விடணும், அம்மா அப்பா என்ன பண்றாங்க' என்று எகத்தாளம் செய்தவர்கள் உண்டு. அந்த அம்மா காலை எட்டு மணிக்கு இன்னொருவர் வீட்டு அடுப்பு முன்னால் நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒருவேளை அவர்கள் வீட்டு அடுப்பாகவே இருக்கலாம்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. 'எங்க வீட்ல எல்லாரும் ஹெல்தியாத்தான் சாப்பிடுவோம்' என்று சொல்லும் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். வரகு, தினை, சாமை எல்லாம் நல்லதுதான். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. ஆனால் கம்பு தோசைக்கு யாரோ முந்தின நாள் ஊறவைக்க வேண்டும், ஆட்ட வேண்டும், கீரையை உட்கார்ந்து ஆய வேண்டும். ஒரு குடும்பத்தின் ஆரோக்கியமான பழக்கம் என்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் காலை ஐந்து மணி. அதுவே அவருடைய பழக்கத்தைக் கெடுக்கவும் செய்கிறது. (சிறுதானியம் என்றதும் இன்னொன்று. வெயில் காலத்தில் தள்ளுவண்டியில் கம்பங்கூழும் மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் விற்பவரிடம் நின்று குடித்தால் அது ஏழைச் சாப்பாடு. அதே கம்பு அட்டைப் பெட்டியில் ஏறினால் சூப்பர் ஃபுட். கம்புக்கு இது தெரியாது.)

இதெல்லாம் சொன்னதும் எளிதான ஒரு முடிவுக்குப் போகலாம்: எல்லாம் அமைப்பின் குற்றம், நான் ராத்திரி பதினொன்றரைக்கு பிரியாணி ஆர்டர் செய்வது என் இஷ்டம். எனக்கு இதில் சம்மதமில்லை. நேரம் கிடைக்காதவருக்குச் சொல்லும் அறிவுரை வெட்கக்கேடு. ஆனால் நேரம் இருந்தும் வயிற்றைக் கவனிக்காமல் விடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதைப் படிக்கும் பலர் இந்த இரண்டாம் கட்சியில்தான் இருப்போம்: லேப்டாப் வேலை, மேஜைக்குப் பக்கத்திலேயே பேன்ட்ரி, அரை மணி நேரம் எழுந்து போனால் யாரும் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். அப்படியும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மூன்று காபி, மூன்று மணிக்கு ஒரு பெரிய சோற்று மூட்டை, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற சோர்வு, அந்தச் சோர்வில் டீமில் இருக்கும் ஜூனியரிடம் ஒரு வெட்டு. 'என் உடம்பு, நான் பாத்துக்கறேன்' என்று சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் உடம்பில் இருந்து கிளம்பும் எரிச்சல் உங்களோடு நிற்பதில்லை. தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டிய கடமை என்று ஒன்று உண்டா என்று தத்துவத்தில் பழைய சர்ச்சை இருக்கிறது. சாப்பாடு விஷயத்தில் அதைத் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களை எதிர்கொள்ளப் போகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் கடமையாகவே நேரத்துக்குச் சாப்பிடலாம்.

எப்படி என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, சொன்னால் சலிப்பாகத்தான் இருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 17 அறிவுரைகள் இருக்கின்றன. அதன் படத்தில் தட்டின் பாதி காய், கீரை, பழம். மீதியில்தான் தானியமும் பருப்பும் மற்றவையும். நம் மீல்ஸ் இலையைத் தலைகீழாகக் கவிழ்த்தமாதிரி. காலையில் ஏதாவது ஒன்று, அதில் கொஞ்சம் பருப்பு வகை: இட்லிக்குச் சட்னியோடு சாம்பாரையும் தாராளமாக ஊற்றிக்கொண்டால்கூடச் சரி. மதியச் சோறு ஒரு கரண்டி குறைவு, பொரியல் ஒரு கரண்டி கூடுதல். மதியத் தூக்கத்துக்குச் சோறு மட்டும் காரணம் இல்லை, உடம்பின் கடிகாரத்திலேயே அந்த நேரத்தில் ஒரு இறக்கம் உண்டு. பெரிய சாப்பாடு அதை ஆழமாக்குகிறது, அவ்வளவே. நாலு மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் வாங்கினாலும் சுண்டல் சுண்டல்தான். ராத்திரி கொஞ்சம் முன்னாடி. எல்லாவற்றுக்கும் மேலே, ஏறக்குறைய அதே நேரம், தினமும்.

அந்த 'அதே நேரம்' ஏதோ பாட்டன் பூட்டன் காலத்துப் புனித நேரம் என்று நினைக்க வேண்டாம். மயிலாப்பூரில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போன பழைய தலைமுறை காலை பத்து மணிக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மதியம் மூன்று மணிக்கு டிபன் சாப்பிட்டது. அது சாஸ்திரம் சொன்ன நேரமில்லை, ஆபீஸ் மணி சொன்ன நேரம். வயிறு எப்போதும் யாரோ ஒருவருடைய மணிக்குத்தான் ஒத்துப்போயிருக்கிறது. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தில் எந்த மருந்தின் பெயரும் வராது. பெரும்பகுதி சாப்பிடுவதைப் பற்றித்தான்: முன்னால் உண்டது செரித்ததா என்று பார், அளவறிந்து உண். அருமையான யோசனை. ஆனால் அது சோறு பசிக்காகக் காத்திருக்கும் வீட்டுக்குச் சொன்னது. ரங்கநாதன் தெருவில் பசிதான் சோற்றுக்காகக் காத்திருக்கிறது, அதுவும் சூப்பர்வைசர் தலையசைக்கும் வரை.

அதனால் பழக்கத்தை மாற்ற நினைக்கிறவர், கூடவே இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்: என் நேரத்துக்கு நான் சாப்பிடுவதற்காக யாருடைய நேரம் தள்ளிப் போகிறது? ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் மீட்டிங் போடுகிறேனா? வேலைக்கு வரும் அக்கா வந்ததும் முதலில் தட்டில் ஏதாவது வைக்கிறோமா, இல்லை கிளம்பும்போது மிஞ்சியதைக் கட்டித் தருகிறோமா? வாட்ச்மேனுக்குச் சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்று அசோசியேஷன் கான்ட்ராக்டில் எழுதியிருக்கிறதா? இதில் எதற்கும் புரட்சி வேண்டாம். கேட்டால் போதும். ஆனால் கேட்க வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு அடையாறு சிக்னல் பக்கம் எந்தப் பெரிய ஓட்டல் வாசலிலும் பாருங்கள். இருபது முப்பது டெலிவரி பையன்கள் வண்டியில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊர் சாப்பிடும் நேரம்தான் அவர்களுக்கு ஆர்டர் வரும் நேரம், லாக் அவுட் செய்தால் நஷ்டம். மடியில் இருக்கும் பையிலிருந்து சுடச்சுட நெய் வாசனை வரும். கூட்டம் ஓய்ந்து அவர்களுக்குப் பசிக்க நேரம் கிடைக்கும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். 2013-இல் சாந்தோமில் தொடங்கிய அம்மா உணவகம் இப்போது ஊர் முழுக்க இருக்கிறது. அஞ்சு ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் மூணு ரூபாய்க்குத் தயிர் சாதமும் என்றுதான் அது தொடங்கியது. மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை.